நற்பண்பு, அறிவு, மகிழ்ச்சி: பண்டைய கிரேக்கரைப் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தெரிந்தே யாரும் தவறு செய்வதில்லை என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் படித்தேன். கெடுதல் என்று தெரிந்தே புகைபிடிக்கிறவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். இந்தச் சின்ன உண்மை அவருக்குத் தெரியாமலா போயிற்று, ஐயா?

பதில்: உங்கள் மறுப்பை, அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய 'புரோட்டகோரஸ்' உரையாடலில் சாக்ரடீஸே எடுத்து வைக்கிறார். சினமோ இன்பமோ அச்சமோ காமமோ வந்துவிட்டால் அறிவை ஓர் அடிமையைப் போல இழுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே தம் வாதத்தைத் தொடங்குகிறார். அருகில் இருக்கும் பொருள் பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் கண்ணுக்குத் தெரிவது போல, இப்போது கிடைக்கும் இன்பம் பெரிதாகவும் பின்னால் வரும் துன்பம் சிறிதாகவும் நமக்குத் தோன்றுகின்றன. இரண்டையும் சரியாக அளந்து பார்க்கும் திறமை உள்ளவர் ஏமாறமாட்டார் என்பது அவருடைய வாதம். அதன்படி, புகைபிடிப்பவருக்குக் கெடுதல் என்ற சொல் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அதன் அளவு தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நன்மையும் இன்பமும் ஒன்றே என்ற அடிப்படையில்தான் இந்த வாதம் ஓடுகிறது. 'கோர்கியாஸ்' உரையாடலில் அதே சாக்ரடீஸ் அந்த அடிப்படையைக் கடுமையாகத் தாக்குகிறார். ஆகவே, இதை அவர் தம் சொந்தக் கருத்தாகச் சொன்னாரா, எதிராளியின் கருத்தை வைத்தே வாதாடிக் காட்டினாரா என்ற சண்டை அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

கேள்வி: அப்படியானால் பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் சாக்ரடீஸை மறுத்தார் என்று பாடநூலில் இருப்பது சரிதானா?

பதில்: பாதி சரி. 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் நூலின் 7ஆம் பகுதியில், சாக்ரடீஸின் கூற்று கண்கூடான நிகழ்ச்சிகளோடு முரண்படுகிறது என்று அரிஸ்டாட்டில் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறார். ஆனால் அதன் பிறகு, தெரிந்திருப்பது என்பதில் எத்தனை வகை உண்டு என்று அவர் பிரித்துக்கொண்டே போகும் விதம் வியப்பானது. குடிபோதையில் இருப்பவன்கூட தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளீஸின் பாடல்களைத் தடுமாறாமல் ஒப்பிப்பான். புதிதாகப் பாடம் கேட்ட மாணவன் வாக்கியங்களைக் கோத்துச் சொல்லிவிடுவான், ஆனால் அவை அவனுக்குள் ஊறுவதற்குக் காலம் வேண்டும். ஆசைக்கு அடிமையாகி நடப்பவன் 'இது தகாது' என்று வாயால் சொல்வதையும் இவர்கள் ஒப்பிப்பதைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இறுதியில், சாக்ரடீஸ் நிலைநாட்ட விரும்பியதே முடிவாக வருகிறது போலும் என்று அவரே எழுதுகிறார். இந்தச் சிக்கலுக்கு இதைவிடக் கூர்மையான விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் உண்மையில் விலகிச் செல்லும் இடம் பழக்கம். வீடு கட்டிக் கட்டியே கொத்தனாராகிறோம், யாழ் வாசித்து வாசித்தே யாழிசைக் கலைஞராகிறோம். நியாயமான செயல்களைச் செய்து செய்தே நியாயமானவராகிறோம் என்பது அவர் நிலை. கொள்கை பேசியே நல்லவராகிவிடலாம் என்று நினைப்பவர்கள், மருத்துவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் கடைப்பிடிக்காத நோயாளிகளைப் போன்றவர்கள் என்று கண்டிக்கிறார். (அவருடைய தந்தை மாசிடோனிய மன்னரின் மருத்துவர்.)

கேள்வி: நற்பண்பு அறிவுதான் என்றால் அதைக் கற்பிக்க முடிய வேண்டுமே. பெரியவர்களின் பிள்ளைகள் ஏன் சாதாரணமாகப் போனார்கள்?

பதில்: பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸ் இதே கேள்வியைத்தான் அனைட்டஸ் என்ற அரசியல்வாதியிடம் கேட்கிறார். ஏதென்ஸின் பெருந்தலைவர் தெமிஸ்டோகிளீஸ் தம் மகனுக்குக் குதிரையேற்றம் கற்பித்தார். அந்த மகன் ஓடும் குதிரைமேல் நின்றபடியே ஈட்டி எறிவானாம். ஆனால் தந்தையின் நற்பண்பு அவனுக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை. மற்றொரு தலைவரான பெரிக்ளீஸின் மகன்கள் கதையும் அதுதான். பெரியவர்களை இழிவாகப் பேசுகிறாய், எச்சரிக்கையாக இரு என்று அனைட்டஸ் சினத்தோடு உரையாடலிலிருந்து விலகுகிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ்மீது வழக்குத் தொடுத்த மூவரில் அவரும் ஒருவர்.

கேள்வி: வீரமும் ஒரு வகை அறிவு என்று சொல்வது செயற்கையாக இல்லையா?

பதில்: செயற்கைதானா என்று சோதித்துப் பார்க்கவே பிளேட்டோவின் 'லாக்கேஸ்' என்ற சிறிய உரையாடல் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போர்க்கலை கற்பிக்கலாமா என்று இரு தந்தையர் கேட்க, லாக்கேஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு ஏதென்ஸ் படைத்தலைவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். களத்தில் இடம்விட்டு நகராமல் நிற்பதே வீரம் என்கிறார் லாக்கேஸ். பின்வாங்கியபடியே போரிடும் சித்தியர் என்ற குதிரைவீரரையும், பிளாட்டேயா போரில் விலகிப் பின் திரும்பி வென்ற ஸ்பார்ட்டரையும் காட்டி அதைச் சாக்ரடீஸ் உடைக்கிறார். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்குத் துணிய வேண்டும் என்பதை அறிவதே வீரம் என்கிறார் நிக்கியாஸ். அந்த அறிவு குறி சொல்பவருக்கு உரியதா என்ற பேச்சு எழுகிறது. குறி சொல்பவர் படைத்தலைவருக்கு ஆணையிடக் கூடாது, படைத்தலைவரே அவருக்கு ஆணையிட வேண்டும் என்பதுதான் சட்டம் என்று சாக்ரடீஸ் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்.

பிளேட்டோவின் வாசகர்களுக்கு இந்த வரி சுருக்கென்று தைத்திருக்கும். கி.மு. 413இல் சிசிலியில் ஏதென்ஸ் படை தப்பிப் புறப்பட வேண்டிய இரவில் சந்திர கிரகணம் வந்தது. குறி சொல்பவர்கள் விதித்தபடி மூன்று முறை ஒன்பது நாள் கழியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே கூடாது என்று நிக்கியாஸ் மறுத்தார் என வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். படை அழிந்தது; நிக்கியாஸும் கொல்லப்பட்டார். வரையறையை அழகாகச் சொல்லத் தெரிந்த மனிதருக்கே அது கைகொடுக்கவில்லை. இதை வைத்துப் பிளேட்டோ சாக்ரடீஸின் கொள்கையைக் கைவிட்டார் என்று நான் கருதவில்லை. நிக்கியாஸிடம் இருந்தது கேட்டறிந்த வாக்கியம்தான் என்பதே அவர் காட்ட வந்தது. உரையாடலிலும் இது சாக்ரடீஸிடம் பலமுறை கேட்ட கருத்து என்று நிக்கியாஸே சொல்லித்தான் தொடங்குகிறார்.

கேள்வி: நல்லவன் சித்திரவதையிலும் மகிழ்ச்சியாக இருப்பான் என்கிறார்களே, அது நம்பக்கூடியதா?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ பொருளற்றதைப் பேசுகிறார்கள் என்று அரிஸ்டாட்டில் முகத்துக்கு நேரே சொல்கிறார். முதுமையில் மக்களையும் நாட்டையும் இழந்த டிராய் மன்னன் பிரியாம் பேறுபெற்றவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவர் வாதம். ஆனால் நல்லவன் வெறுக்கத்தக்கதைச் செய்யமாட்டான் என்பதால் முற்றிலும் இழிந்த நிலைக்கு அவன் போவதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பின்வந்த ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியின் அறிஞர்களோ நற்பண்பு மட்டுமே போதும் என்றனர். உடல்நலமும் செல்வமும் விரும்பத்தக்கவை, ஆனால் அவை நன்மைகள் அல்ல என்றனர். ஸ்டோயிக் நிலையில் தர்க்க ஒழுங்கு அதிகம். எனினும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று சொல்லக்கூடியது அரிஸ்டாட்டில் சொன்னதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: எபிகூரஸ் உண்டு களிக்கச் சொன்னவர்தானே?

பதில்: இல்லை. அவருக்கு இன்பம் என்பது உடலில் வலியின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையும்தான். நினைத்தபோது விருந்து உண்பதற்கு ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதியவர் அவர். அறிவோடும் நியாயத்தோடும் வாழாமல் இன்பமாக வாழ முடியாது என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

கேள்வி: இவையெல்லாம் ஆண்களுக்கும் சுதந்திரக் குடிமக்களுக்கும் மட்டும்தானே?

பதில்: அரிஸ்டாட்டிலைப் பொறுத்தவரை பெருமளவு ஆம், சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று 'அரசியல்' நூலில் அவர் வாதாடியதை மழுப்பத் தேவையில்லை. 'குடியரசு' நூலின் 5ஆம் பகுதியில் பிளேட்டோ பெண்களுக்கும், நாட்டைக் காத்து ஆளும் காவலர் பொறுப்பையும் அதற்குரிய கல்வியையும் தருகிறார். 'தோட்டம்' எனப்பட்ட எபிகூரஸின் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் இடம்பெற்றிருந்தனர். ஸ்டோயிக் அறிஞர்களுள் பெயர்பெற்ற எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். நம் வசத்தில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தறிவதையே அவர் தம் போதனையின் தொடக்கமாக வைத்தார்.