தண்டுவட நீர் ஆய்வுக்குச் செல்ல விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

இளநிலை உயிர்வேதியியல் படிக்கும் தங்கள் மகள், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளின் தண்டுவட நீரில், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தில், உள்ள புரதங்களை ஆராய விரும்புவதையும், அதில் பிழைப்புக்கு வழியுண்டா என்ற தங்கள் கவலையையும் அறிந்தேன். அண்ணனின் நோயே அவரை இத்துறைக்கு இழுக்கிறது என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவை உறுதிசெய்யும் தண்டுவட நீர்ப் பரிசோதனை எதுவும் இன்றுவரை நடைமுறையில் இல்லை. மனநல மருத்துவர் நோயாளியிடம் பேசியும், குடும்பத்தாரிடம் கேட்டும், கவனித்துமே நோயைக் கண்டறிகிறார். மூளை அழற்சி போன்ற வேறொரு நோய் இப்படித் தோற்றமளிக்கிறதோ என்ற ஐயம் எழும்போதுதான் அந்த நீரை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே அண்ணனின் சிகிச்சை எந்த ஆய்வுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வு முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. 2006-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், இன்னும் மருந்து உட்கொள்ளத் தொடங்காத நோயாளிகளின் தண்டுவட நீரில் நரம்பணுக்கள் உண்டாக்கும் விஜிஎஃப் என்ற புரதத்தின் ஒரு துணுக்கு மிகுந்தும், தைராய்டு ஹார்மோனைச் சுமந்துசெல்லும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் குறைந்தும் இருப்பதாக வெளியிட்டனர். 2022-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளாகிப் பின்னர் மனச்சிதைவு உறுதியானவர்களிடம் சி4ஏ என்ற நோயெதிர்ப்புப் புரதம் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். சி4ஏ-வும் சி4பி-யும் ஏறத்தாழ ஒரே புரதம் என்பதால், இரண்டையும் தனித்தனியே அளக்க, மூலக்கூறுகளை எடையைக் கொண்டு பிரித்தறியும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் துணை தேவைப்பட்டது.

இத்தகைய முடிவுகள் ஏன் பரிசோதனையாக மாறவில்லை என்பதைத் தங்கள் மகள் இப்போதே புரிந்துகொள்வது நல்லது. ஒரு டெசிலிட்டர் தண்டுவட நீரில் சுமார் 15 முதல் 45 மில்லிகிராம் புரதமே உண்டு. இரத்தத்திலோ அது ஏறத்தாழ 7,000 மில்லிகிராம். முதுகில் ஊசி செலுத்தும்போது சிறிதளவு இரத்தம் கலந்தாலும் அளவுகள் பிழையாகிவிடும். நோயாளி உட்கொள்ளும் மருந்து, புகைப்பழக்கம், வயது ஆகியனவும் புரதங்களை மாற்றுகின்றன. ஆரோக்கியமானவர்களிடம் ஒப்பீட்டுக்காக இந்நீரைப் பெறுவது எளிதன்று என்பதால் ஆய்வுகளில் பங்கேற்போர் தொகையும் சிறியதாகவே இருக்கிறது.

எனவே என் ஆலோசனை இதுதான்: நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்காமல், கைத்திறனைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, எதிர்ப்புரதங்களைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலிசா முறை, புள்ளியியல் ஆகிய மூன்றும் கைவந்தால், அமிலாய்டு, டௌ புரதங்களைத் தண்டுவட நீரில் அளந்து அல்சைமர் நோயைக் கண்டறியும் ஆய்வகங்களும், மருந்து நிறுவனங்களும் அவருக்குத் திறந்திருக்கும். முதுநிலைப் படிப்புக்கு ஜாம் (ஐஐடி முதலிய நிறுவனங்களின் முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வு), காட்-பி (உயிரித்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு) ஆகியவற்றை எழுதலாம். பிறகு, அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் விதிகளின்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. முனைவர் பட்டக் காலத்தில் தங்களைச் செலவுக்கு எதிர்பார்க்க வேண்டியிராது. ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகலாம் என்பதைத் தாங்கள் இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போல மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் உள்ள இடங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் முன், நோயாளிகளின் ஒப்புதலோடு சேகரித்த மாதிரிகள் அங்கே உண்மையில் உள்ளனவா என்பதைத் தங்கள் மகளே நேரில் கேட்டறிய வேண்டும்.