கேள்வி-பதில்: இறந்தவருக்கு நரகத்தை விதிப்பவர் யார்?

கேள்வி: என் தாயார் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கடைசி நாள்களில் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றத்தான் முடிந்தது. என்னுடன் பணிபுரியும் வேறு மதத்தவர் ஒருவர், "உங்கள் அம்மா எங்கள் இறைவனை ஏற்காமல் போனவர், இப்போது நரகத்தில்தான் இருப்பார், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்" என்றார். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் இருப்பவர்களோ, "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது, விட்டுத்தள்ளு" என்கிறார்கள். எந்த மதம் சொல்லும் நரகம் உண்மை? அம்மாவுக்காக நான் செய்யும் பிரார்த்தனை அவரைச் சென்று சேருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்களுடன் பணிபுரிபவர் எந்த மதத்தவர் என்பதைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நீக்கிவிட்டே வெளியிட்டிருக்கிறேன். அவர் சொன்ன வாக்கியத்தை இரண்டொரு சொல் மாற்றினால் எந்த மதத்தவர் வாயிலிருந்தும் கேட்கலாம். மதத்தின் பெயரை அச்சிட்டால் மற்ற மதத்தவர்கள் அவரைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தாங்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

முதலில் வீட்டாரின் ஆறுதலை எடுத்துக்கொள்கிறேன். அன்பினால் சொன்னார்கள் என்றாலும் அது உண்மையல்ல. எல்லா மதங்களும் மறுமையைப் பற்றி ஒன்றையே சொல்லவில்லை. சமணத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு நரக பூமிகள் உண்டு. ஆனால் அங்கே அனுப்புவதற்கு ஒரு கடவுள் இல்லை, செய்த வினையே உயிரை இழுத்துச் செல்கிறது. பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் இருபத்தெட்டு நரகங்களை எண்ணிச் சொல்கிறது. பிறர் பொருளைப் பறித்தவனுக்குத் தாமிஸ்ரம், உயிருள்ள விலங்கையும் பறவையையும் சமைத்தவனுக்குக் கும்பீபாகம் என்று குற்றத்துக்கேற்ப இடம் பிரிக்கிறது. அங்கே கேட்கப்படுவது நீ என்ன செய்தாய் என்பது. கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் அந்தக் கேள்வியோடு, யாரை நம்பினாய் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ஒன்று மறுபிறவியைச் சொல்கிறது, இன்னொன்று அதை அடியோடு மறுக்கிறது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வழியில்லை. வேற்றுமையை மழுப்பி ஒருவரை அமைதிப்படுத்தினால், அடுத்தமுறை யாராவது ஒரு வசனத்தை எடுத்துக் காட்டும்போது அந்த அமைதி நொறுங்கிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மதத்துக்கு ஒரு நரகம்தான் உண்டு என்பதும் சரியல்ல. எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் வரும் 'ஷியோல்' நல்லவரும் கெட்டவரும் ஒருசேர இறங்கும் இருண்ட இடம். தமிழ் விவிலியம் அதைப் பாதாளம் என்கிறது. பிற்காலத்தில் நரகத்துக்கு வழங்கிய 'கெஹன்னா' என்ற சொல்லோ, எருசலேமுக்குத் தெற்கே இன்றும் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பள்ளத்தாக்கின் பெயர். இன்னோம் என்பாரின் பெயரால் வழங்கும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் மோளேகு என்ற தெய்வத்துக்குப் பெற்ற பிள்ளைகளைத் தீயில் இட்டார்கள் என்று இராஜாக்கள் நூல் சொல்கிறது. எரேமியா நூலில் இறைவன் அந்தப் பலிகளைக் குறித்துப் பேசும்போது, அவற்றைத் தான் கட்டளையிடவும் இல்லை, அப்படியொன்று தன் மனத்தில் தோன்றவும் இல்லை என்கிறார். மனிதர்கள் மூட்டிய தீயின் இடமே நரகத்தின் பெயராயிற்று என்பதையும், அந்தத் தீ தன் எண்ணத்திலேயே இருந்ததில்லை என்று இறைவன் சொன்னதாக அதே வேதம் பதிவு செய்திருப்பதையும் உங்களுடன் பணிபுரிபவர் ஒருமுறை சேர்த்து வாசித்துப் பார்க்கலாம்.

யூத மரபில், தீயவருக்கான தண்டனையும் பன்னிரண்டு மாதங்களே என்று மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பில் ஒரு கூற்று உண்டு. அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. பெற்றோர் இறந்தால் பிள்ளை 'கதீஷ்' என்னும் துதியை நாள்தோறும் சொல்ல வேண்டும். ஆனால் பன்னிரண்டு மாதமும் சொல்வதில்லை, பதினொரு மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். முழு ஆண்டும் சொன்னால், தன் தந்தையோ தாயோ முழுத் தண்டனைக்கும் உரியவர் என்று பிள்ளையே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் அல்லவா! மறுமையைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த ஒரு மாதக் குறைப்பைப் போல என்னை நெகிழ வைத்தது வேறொன்றுமில்லை.

கிறிஸ்தவத்துக்குள்ளும் இதே கதைதான். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற இறையியலாளர், இறுதியில் அனைத்தும் இறைவனிடம் திரும்பச் சேரும் என்ற நம்பிக்கையை முன்வைத்தார். அதைத் திருச்சபை பின்னர் நிராகரித்தது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் அகுஸ்தீன் முடிவில்லாத தண்டனையை வலியுறுத்தினார். மேற்கில் அதுவே நிலைத்தது. கத்தோலிக்கருக்கு, விண்ணகத்துக்கு முன் உயிர்கள் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற இடைநிலை உண்டு, சீர்திருத்தச் சபைகளுக்கு அது இல்லை. ஏழாம் நாள் அட்வெந்து சபையினர், தீயோர் என்றென்றும் வதைபடுவதில்லை, முற்றாக அழிந்துபோவார்கள் என்கிறார்கள். இந்து மரபில் நரகம் எப்போதும் தற்காலிகமே என்று பொதுவாகப் பெருமையோடு சொல்லப்படுகிறது. அதுவும் முழு உண்மையல்ல. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, துவைத வேதாந்தத்தை நிறுவிய மத்வர், சில உயிர்கள் இயல்பிலேயே மீளாத இருளுக்கு உரியவை என்று போதித்தார்.

என் கருத்தையும் மறைக்கப் போவதில்லை. எழுபது, எண்பது ஆண்டு வாழ்வின் பிழைகளுக்கு முடிவே இல்லாத வேதனை என்பதை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை. அதை நம்புபவர்களில் ஆழமாகச் சிந்திப்பவர்கள், அது இறைவன் தள்ளிவிடும் இடமல்ல, மனிதன் தானே விலகி நிற்கும் நிலை என்கிறார்கள்; 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் அவ்வாறுதான் விளக்குகிறது. அந்த வாதத்துக்கு வலு உண்டு என்றாலும் என் மனம் அமைதியடையவில்லை. அதற்காக மறுபிறவிக் கொள்கை கருணை மிக்கது என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. நரகத்தில் அனுபவித்தது போக மிச்சமிருந்த பாவம்தான் இந்தப் பிள்ளையின் ஊனமாக வந்திருக்கிறது என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அந்தக் கொள்கையிலிருந்துதான் வருகிறது. உங்களிடம் அந்த நபர் சொன்னதைவிட அது எந்த விதத்திலும் குறைந்த கொடுமையல்ல.

ஆகவே எந்த நரகம் உண்மை என்ற கேள்விக்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது. அங்கே போய் வந்தவர் எவரும் என் முன்னால் இல்லை. ஆனால் உங்களை உறங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்வியன்று. "உங்கள் அம்மா நரகத்தில் இருக்கிறார்" என்ற தீர்ப்புதான். அதை வழங்கும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவருடைய மதமே அந்த உரிமையை அவருக்குத் தரவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட இதுவரை அறிவித்ததில்லை. நற்செய்தியைத் தம் குற்றமின்றி அறியாமல் போனவர்களும் மீட்படையக்கூடும் என்று 1964-இல் அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்தது. குர்ஆன், நபியை எதிர்த்த அபூலஹபைப் பெயர் சொல்லி நெருப்புக்கு உரியவன் என்கிறது. ஆனால் அங்கே பேசுவது இறைவன், பக்கத்து மேசைக்காரர் அல்ல. தூதரை அனுப்பாத வரையில் தண்டிப்பதில்லை என்று அதே குர்ஆன் 17-ஆம் அத்தியாயத்தில் கூறுகிறது. 1111-இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி, இஸ்லாத்தின் அழைப்பே எட்டாதவர்களும் திரித்துக் கூறப்பட்ட வடிவத்தில் மட்டுமே அது எட்டியவர்களும் இறையருளுக்கு உரியவர்கள் என்று வாதிட்டார். 'சஹீஹ் முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழி இதைவிடக் கடுமையானது. ஒருவன், "அல்லாஹ்வின் மீது ஆணையாக, இன்னாரை அவன் மன்னிக்கமாட்டான்" என்கிறான். அதற்கு இறைவன், என் பெயரால் இப்படி ஆணையிட இவன் யார், அவரை நான் மன்னித்துவிட்டேன், உன் நற்செயல்களை அழித்துவிட்டேன் என்கிறான். பிறருக்கு நரகத்தை ஒதுக்கியவனே தன் நன்மைகளை இழக்கிறான்.

பெயர் சொல்லி நரகத்தில் வைக்கப்பட்டவர் சமண மரபிலும் உண்டு. மகாவீரரின் பக்தரான சிரேணிக மன்னர் இப்போது முதல் நரகத்தில் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே மன்னர்தான் அடுத்த கால வட்டத்தின் முதல் தீர்த்தங்கரராக, அதாவது உயிர்களுக்கு விடுதலை வழி காட்டும் அருகராக, தோன்றப் போகிறார் என்பதும் அவர்கள் நம்பிக்கையே. இன்று நரகத்தில் கிடக்கும் ஓர் உயிரை நாளைய தீர்த்தங்கரராக எண்ணி வணங்கும் ஒரு சமூகத்திடம், "அவன் நரகத்துக்குப் போனவன்" என்ற வசைக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

நரகத்தை மெய்யாக நம்பியவர்கள் அதன் முன்னால் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். மகாபாரதத்தின் இறுதியில் தருமர் சொர்க்கத்துக்குப் போகிறார். அங்கே துரியோதனன் ஒளியோடு வீற்றிருக்கிறான், தம்பியரைக் காணவில்லை. அவர்களிடம் அழைத்துப் போகும்படி கேட்கிறார். வழி இருண்டு, நாற்றமெடுத்து, பிணங்கள் நிறைந்து கிடக்கிறது. தாங்க முடியாமல் திரும்பும்போது இருளிலிருந்து குரல்கள் எழுகின்றன: உங்கள் மேனியைத் தொட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது, சற்று நேரம் நில்லுங்கள். யார் நீங்கள் என்று கேட்கிறார். கர்ணன், பீமன், அருச்சுனன், திரௌபதி என்று பெயர்கள் வருகின்றன. தேவதூதனைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தருமர் அங்கேயே நின்றுவிடுகிறார். திருக்கோட்டியூரில் மந்திரத்தை எல்லோருக்கும் உரக்கச் சொன்ன இராமானுசர், குருவின் ஆணையை மீறியதற்காகத் தான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் உய்வார்களே என்றதாக வைணவ மரபு போற்றுகிறது. தன் இனத்தாருக்காகத் தான் சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்று பவுல் உரோமருக்கு எழுதினார். நரகம் உண்டு என்று நடுங்கிய இவர்கள், மற்றவர்களுக்காக அதன் பக்கம் காலெடுத்து வைத்தார்கள். துக்கத்தில் இருக்கும் மகளிடம் அதைக் காட்டி ஆள் சேர்த்தவர்கள் அல்லர்.

இனி உங்கள் பிரார்த்தனை. இதிலும் மதங்கள் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கர்கள் நவம்பர் 2-ஆம் நாளை இறந்தோருக்கான வேண்டுதலுக்கென்றே வைத்திருக்கிறார்கள். சீர்திருத்தச் சபையினரில் பலர் அதை ஏற்பதில்லை. ஒருவர் வினையை மற்றவர் மாற்ற முடியாது என்கிறது சமணம். மனிதன் இறந்தபின்னும் தொடரும் மூன்றில் ஒன்று அவனுக்காக வேண்டும் நற்பிள்ளை என்கிறது நபிமொழி. மேட்டில் பெய்த மழை பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல, இங்கே கொடுப்பது இறந்தவரைச் சென்றடையும் என்று பௌத்தர்கள் ஓதுகிறார்கள். நீர்க்கடனும் பிண்டமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன.

எனவே சேரும் என்று நான் உறுதிமொழி தர இயலாது. உங்கள் தாயார் எந்த முறையில், எந்தச் சொற்களால் வேண்டிக்கொண்டாரோ அதே முறையில், அதே சொற்களால் நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். உதட்டில் பஞ்சை ஒற்றிய கையே இப்போது கூப்பி நிற்கிறது, அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. "தப்பித்துக்கொள்ளுங்கள்" என்ற அழைப்புக்கு இப்போது எந்தப் பதிலும் தர வேண்டாம். ஒரு மதத்தை ஏற்பதும் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அந்த முடிவை எடுக்க நன்றாகத் தூங்கி எழுந்த காலைகள் வேண்டும். அவர் மீண்டும் பேச்செடுத்தால், என் தாயாரைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் எதுவும் நீங்கள் தர வேண்டியதில்லை.