லினக்ஸுக்கு வந்தாச்சு, இனி எந்த பிரவுசர்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதையொட்டி லினக்ஸுக்கு மாறியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பிரவுசர் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இதுவரை குரோம்தான். இப்போது லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன், ஃபயர்பாக்ஸ் கூடவே வந்திருக்கிறது. பிரேவ், விவால்டி என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

முதல் ஒன்றிரண்டு வாரம் குரோமிலேயே இருங்கள். அதற்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. சிஸ்டமும் புதிது, பிரவுசரும் புதிது என்றால், ஒரு தளம் மக்கர் பண்ணும்போது கோளாறு எதில் என்றே பிடிபடாது. வெப்கேம், மைக், பிரிண்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பழகிய பிரவுசரில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதியதைப் பக்கத்திலேயே நிறுவலாம். ஒன்றை நீக்கிவிட்டுத்தான் இன்னொன்று என்ற கட்டாயம் கிடையாது.

பெயர்கள் பல என்றாலும், பக்கங்களைத் திரையில் காட்ட உள்ளே ஓடும் எஞ்சின்கள் சிலதான். குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா எல்லாவற்றிலும் இருப்பது பிளிங்க். ஃபயர்பாக்ஸில் இருப்பது கெக்கோ. அதனால் குரோமிலிருந்து பிரேவுக்குப் போனால் மெனுவும் தனியுரிமை அமைப்புகளும் மாறும், பக்கங்கள் திறக்கும் விதம் ஏறக்குறைய அதேதான். நிஜமாகவே வேறொன்றைப் பார்க்க ஆசை என்றால் ஃபயர்பாக்ஸைப் பாருங்கள். என் ஓட்டும் அதற்குத்தான். எல்லோரும் ஒரே எஞ்சினுக்குள் போய்விட்டால், தளம் செய்கிறவர்கள் அதில் மட்டும் சோதித்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள். அது யாருக்கும் நல்லதில்லை.

சோதிக்கும்போது செய்தித் தளத்தைத் திறந்து பார்த்து வேகத்தை எடை போடாதீர்கள். வங்கிக் கணக்கில் நுழையுங்கள், நீளமான படிவம் ஒன்றை நிரப்புங்கள், பிடிஎஃப் ஒன்றை அச்சிடுங்கள். முக்கியமாக, ஒரு வீடியோ மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்து பாருங்கள். திரையில் காட்சிகளைக் காட்டும் புதிய லினக்ஸ் அமைப்பான வேலேண்ட் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். எதிராளிக்குக் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், லாகின் திரையில் அதற்கு முந்தைய அமைப்பான எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் திரை தெரிந்துவிட்டால், பழி பிரவுசர்மேல் இல்லை.

கேள்வி: கணினியைப் போட்டதும் குரோமைத் திறந்தால் 'லாகின் கீரிங்' திறக்கப்படவில்லை என்று பாஸ்வேர்டு கேட்கிறது. வைரஸா?

இல்லை, பயப்படாதீர்கள். கீரிங் என்பது ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சிஸ்டத்தின் பெட்டி. சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் சாவியை குரோம் கீரிங்கில் வைத்திருக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தால், அதே பாஸ்வேர்டால் கீரிங்கும் தானாகத் திறந்துவிடும். தானியங்கி லாகின் போட்டு வைத்திருந்தால் யாரும் எதையும் தட்டச்சு செய்வதில்லை, கீரிங் பூட்டியே கிடக்கும். குரோம் வந்து கதவைத் தட்டும்போது சிஸ்டம் உங்களைக் கேட்கிறது.

கணினியில் நுழையும் பாஸ்வேர்டைக் கொடுத்தால் திறக்கும். ஏற்கவில்லை என்றால், இடையில் பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். சில வழிகளில் மாற்றினால் கீரிங் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும், பழையதைப் போட்டுப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, தானியங்கி லாகினை எடுத்துவிடுவது. கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக வைத்துவிடச் சொல்லும் யோசனையும் உங்கள் காதுக்கு வரும். தொல்லை தீரும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டில்லாமல் வட்டில் கிடக்கும். மடிக்கணினி என்றால் அதைச் செய்யவே வேண்டாம்.

கேள்வி: புக்மார்க்கும் பாஸ்வேர்டும் புது பிரவுசருக்கு வருமா?

வரும். புக்மார்க்கை எச்டிஎம்எல் கோப்பாகவும் பாஸ்வேர்டுகளை சிஎஸ்வி கோப்பாகவும் எடுத்து உள்ளே கொண்டுவரலாம். சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு. திறந்தால் எல்லா பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும். அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

கேள்வி: குரோமியத்தில் என் கூகுள் கணக்கை இணைத்து சிங்க் செய்ய முடியவில்லையே?

முடியாது. குரோமியம் என்பது குரோமுக்கு அடிப்படையான திறந்த மூல பிரவுசர். புக்மார்க், பாஸ்வேர்டுகளை உங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல வைக்கும் சிங்க் வசதியை 2021 மார்ச்சில் கூகுள் தன் குரோமுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. சிங்க் வேண்டுமானால் குரோம், இல்லையென்றால் சொந்த சிங்க் உள்ள ஃபயர்பாக்ஸ் அல்லது விவால்டி.

கேள்வி: உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வேண்டாம் என்று நீக்கிவிட்டு டெப் பதிப்பைப் போட்டேன். புக்மார்க் எல்லாம் காணோம்!

ஸ்னாப், டெப் இரண்டும் லினக்ஸில் மென்பொருளை நிறுவும் பொதி வடிவங்கள். மின்ட் போல இன்னொரு லினக்ஸான உபுண்டுவில், 21.10 பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில்தான் கூட வருகிறது. ஸ்னாப் தன் ப்ரொஃபைலை, அதாவது புக்மார்க்கும் அமைப்புகளும் அடங்கிய ஃபோல்டரை, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்னாப் ஃபோல்டரில் வைக்கிறது. டெப் பதிப்பு தேடுவதோ வேறு இடத்தில். அதனால் புத்தம் புதிதாகத் தெரிகிறது.

ஸ்னாப்பை நீக்கும்போது அதன் தரவும் போய்விடும். ஆனால் நீக்கும் முன் சிஸ்டம் பொதுவாக ஒரு நகல் எடுத்து வைக்கும், சில வாரங்கள் வரை அது இருக்கும். உடனே அதை மீட்கப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். இன்னும் நீக்காதவர்கள் முதலில் மோஸில்லா கணக்கில் (முன்பு ஃபயர்பாக்ஸ் கணக்கு) நுழைந்து சிங்க் முடியும்வரை காத்திருங்கள். அல்லது உதவி மெனுவில் பழுதறியும் தகவல் பக்கத்தைத் திறங்கள். அங்கே ப்ரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே அதைத் திறக்கும் பொத்தானும் உண்டு. பிரவுசரை மூடிவிட்டு ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வையுங்கள். டெப் பதிப்பை மோஸில்லாவே தருகிறது, அதையே எடுங்கள்.

கேள்வி: குரோமில் யூபிளாக் ஆரிஜின் வேலை செய்யவில்லை.

யூபிளாக் ஆரிஜின், விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல். அது சேர்ந்த பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை குரோம் நிறுத்திவிட்டது. யூபிளாக் ஆரிஜினின் 'லைட்' பதிப்பு கிடைக்கிறது, முழு பலம் அதில் இல்லை. முழுமையானது வேண்டுமானால் ஃபயர்பாக்ஸில் போடுங்கள்.

கேள்வி: தமிழ் படிக்க முடிகிறது, தட்டச்சுதான் வரவில்லை.

பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அதன்பிறகு விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்99, ஃபோனெடிக் இரண்டும் தெரியும். முதலில் சாதாரண எழுத்துத் திருத்தியில் அடித்துப் பாருங்கள். அங்கே வந்து பிரவுசரில் மட்டும் வரவில்லை என்றால், நீங்கள் போட்டிருப்பது ஸ்னாப்பா, ஃபிளாட்பேக்கா (இதுவும் ஒரு பொதி வடிவம்), டெபா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பதில் அதைப் பொறுத்து மாறும்.