தன்னம்பிக்கைக்கு மதிப்பெண்

வணக்கம் சார். மகன் பத்தாம் வகுப்பு, கிரிக்கெட் கோச்சிங் போகிறான். அங்கே இப்போது கேமரா வைத்து அவன் பேட்டிங்கைப் படம்பிடித்து, ‘மூளை அறிவியல் அறிக்கை’ என்று ஒன்று தருகிறார்கள். கவனம் 62, தன்னம்பிக்கை 48 என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து பையன் முகமே சரியில்லை. கேமராவுக்கு மனசு தெரியுமா? இதற்குத் தனியாகப் பணம் வேறு கேட்கிறார்கள்.
(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கேமராவுக்கு உடம்பு தெரியும், அது நிஜம். 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் ஆஃப்சைடு என்ற தவறைப் பார்க்க, மைதானக் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடம்பிலும் 29 புள்ளிகள் வரை, நொடிக்கு 50 தடவை கணக்கெடுத்தன. வீரர்கள் மேல் எதையும் ஒட்டவில்லை. ஆனால் முழங்கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது அளவு, தன்னம்பிக்கை 48 என்பது யாரோ ஒருவரின் யூகத்துக்குப் போட்ட எண்.

அப்படியானால் வெளியே தெரிவதை வைத்து மூளையைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாதா என்றால், முடியும், கேள்வி சரியாக இருந்தால். 2000-இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றே மூன்று பேட்ஸ்மேன்கள் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவை மாட்டி, பந்துவீசும் மெஷினுக்கு எதிரே நிறுத்தினார்கள். நாமெல்லாம் ‘பந்தைப் பார்த்து ஆடுடா’ என்று கத்தியே வளர்ந்தவர்கள் இல்லையா, அந்த பேட்ஸ்மேன்களோ பந்தை முழுக்கப் பார்க்கவே இல்லை. பந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டு, அது எங்கே குத்தும் என்று கணித்து, கண் அந்த இடத்துக்கு முன்னாலேயே தாவிப் போய்க் காத்திருக்கிறது, குத்தி எழுந்ததும் கொஞ்ச நேரம் தொடர்கிறது. மூவரில் நன்றாக ஆடுபவரின் கண் சீக்கிரம் தாவியது. 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும், கண்ணில் பட்டதற்கு ஏற்ப மட்டையைத் திருத்தவே சுமார் 0.2 நொடி ஆகும், அதனால் கணிக்காமல் வேறு வழியே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008-இல் இத்தாலியில் சால்வத்தோரே அல்யோத்தி குழு, கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் நின்று கூடைக்கு எறிவது) வீடியோக்களைப் பாதியில் நிறுத்தி, பந்து உள்ளே போகுமா என்று கேட்டது. பந்து கையை விட்டுப் போகும் முன்பே அதிகம் சரியாகச் சொன்னவர்கள் ஆடுகிறவர்கள்தான், வருடக்கணக்காகப் பார்த்தே பழகிய கோச்சுகளும் விளையாட்டு நிருபர்களும் அல்ல (எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம், டிவி முன்னால் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறவர்களை நினைத்து). மூளையில் கையை அசைக்கும் பகுதிக்கு மண்டைக்கு மேலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது, குறி தவறப்போகும் வீச்சைப் பார்க்கையில் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் சுண்டுவிரல் தசை கூடுதலாகத் துடித்தது. உடம்பால் ஆடிப் பழகியதுதான் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது.

இந்த ஆய்வுகள் எதிலும் யாருக்கும் கவனம் 62 என்று போடவில்லை, கவனியுங்கள்.

அந்த மையத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த எண் கூடின பையன்கள் மேட்சில் நிஜமாகவே நன்றாக ஆடினார்களா, எப்படிச் சரிபார்த்தீர்கள்? சுற்றி வளைத்தால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வீடியோவை மட்டும் கேட்டு வாங்குங்கள், தலை எங்கே சாய்கிறது, முன்கால் எப்போது நகர்கிறது என்று கோச் கூட உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம், மெஷின் பந்தைக் குறைத்து நிஜ பவுலர்களோடு நெட்ஸ் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். நல்ல பேட்ஸ்மேன் பந்து கையை விடும் முன்பே பவுலரின் கையிலும் மணிக்கட்டிலும் பாதியைப் படித்துவிடுவான், மெஷினில் படிக்க என்ன இருக்கிறது?

அந்த 48-ஐ மறந்துவிடச் சொல்லுங்கள் பையனை.