மேடை இருட்டில் ராக் கச்சேரிப் படம்: கேட்டதும் சொன்னதும்

கல்லூரி விழா, கிறிஸ்துமஸ் இசை இரவு என்று ராக் பேண்டுகள் மேடையேறும் காலம். படம் எடுக்கிறவர்களின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

நாகர்கோவில், மாணவர்: அண்ணே, கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் எல்லாப் படமும் ஆடியே வருகிறது. ஸ்டாண்ட் வாங்கட்டுமா?

ஸ்டாண்ட் உன் கை ஆடாமல் பார்த்துக்கொள்ளும், தம்பி. கிட்டார்காரர் குதிப்பதை அது என்ன செய்யும்? அந்தக் காசை 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸில் போடு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். உன் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய எடுக்கும் நேரம், மைக் முன்னால் நின்று பாடுகிறவருக்கு 1/125 நொடி, குதிக்கிறவருக்கு 1/250, டிரம் குச்சி உறைந்து நிற்க 1/500. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனை, 3200, 6400 என்று ஏற்றப் பயப்படாதே. புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேமராவை மேனுவலில், அதாவது அளவுகளை நீயே வைக்கும் முறையில், வை. பின்னால் இருக்கும் கருப்பைப் பார்த்து ஆட்டோ ஏமாந்து, முகத்தைச் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அப்புறம், வரி பாடும்போது அழுத்தாதே. மைக் வாயை மறைக்கும், அதன் நிழல் தாடையில் விழும். வரி முடிந்து மூச்சிழுக்க முகம் விலகுமே, அதுதான் நேரம்.

தக்கலை: ஃப்ளாஷ் போடலாமா?

வேண்டாம். 30 அடி தள்ளி நின்றால் முன்வரிசைத் தலைகள்தான் வெளுக்கும். பெரிய ராக் கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படம் எடுக்கலாம், அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல் என்பதே வழக்கம்.

குளச்சல்: படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறதே?

எல்இடி விளக்கின் துடிப்பு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/100 பல இடங்களில் கைகொடுக்கும். மேடை எல்இடி சிலது தன் கணக்கில் துடிக்கும். வேகத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். லேசர் உங்கள் பக்கம் திரும்பினால் கேமராவை உடனே இறக்குங்கள், படத்தைப் பதிக்கும் சென்சார் போய்விடும்.

இரணியல்: என்ன செட்டிங் வைக்க?

நாகர்கோவில் தம்பிக்குச் சொன்னதுதான்.

மார்த்தாண்டம்: போனில் நைட் மோடு போதுமா?

அது பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது. ஆடுகிறவர் பேயாகத்தான் வருவார். சாதா மோடில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். லேசருக்குப் போனும் தப்பாது.

கருங்கல்: கல்யாணத்துக்கு எந்த லென்ஸ்?

கல்யாணக்காரர்களிடம் கேளுங்கள்.

திங்கள்நகர்: நீல விளக்கில் முகம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது.

நீலம் மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. ரா (RAW) என்ற, பிறகு திருத்த வசதியான கோப்பாக எடுங்கள், வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். அப்படியும் தேறாவிட்டால் கருப்பு வெள்ளை.

குலசேகரம், மேடை விளக்குப் பணி: பாட்டுக்குப் பாட்டு நிறம் யோசித்து ஓட்டுகிறோம் அண்ணாச்சி. கருப்பு வெள்ளையாக்கிவிட்டால் எங்கள் வேலை எங்கே?

யோசித்து ஓட்டுகிறவர் நீங்கள். பலர் ஆட்டோவில் போட்டுவிட்டு டீக்குப் போய்விடுகிறார்கள். பாட்டு மெதுவாகப் போகும், விளக்கு மட்டும் சாமி வந்ததுபோல் ஆடும். முன்னாலிருந்து ஒரே ஒரு வெள்ளை கொடுங்கள், பின்னால் எந்த நிறமும் ஆடட்டும்.

அவரே: முன்வெள்ளை ஏற்றினால் திரையும் புகையும் வெளிறும். பார்க்க வந்த கூட்டத்துக்கா, படம் எடுக்கிற நாலு பேருக்கா மேடை?

கூட்டத்துக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த போஸ்டருக்கு அந்த நாலு பேரிடம்தானே பேண்டுக்காரர்கள் வருகிறார்கள்? பக்கவாட்டில் உயரத்திலிருந்து குறுகலாக விட்டால் முகத்தில் மட்டும் விழும், திரையைத் தொடாது.

அவரே: பக்கவாட்டில் விட்டால் பாதி முகம் இருட்டு.

பாதி முகம் எனக்குப் போதும். ராக்குக்கு அதுதான் அழகு.

அவரே: அப்படியானால் சவுண்ட் செக் நேரத்தில் வந்து கேளுங்கள். எந்தப் பாட்டில் வெள்ளை வரும் என்று சொல்லித் தருகிறோம். யாரும் வருவதில்லை.

எல்லோரும் இதைக் கவனியுங்கள். புது லென்ஸைவிட இது பெரிய உதவி.

களியக்காவிளை: ஐஎஸ்ஓ எவ்வளவு அண்ணே?

மேலே இருக்கிறது, மக்கா. லேசரைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் படி.