ஆள் எடுத்தும் எல்லா வேலையும் என் தலையில்தான் விழுகிறது. சிறுதொழிலில் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். நல்ல சம்பளம் கொடுத்துக் கெட்டிக்காரர்களை எடுத்தாலும் வருஷம் முடிவதற்குள் போய்விடுகிறார்கள். இருக்கிறவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் வேலை கெடுகிறது, கடைசியில் நீங்களே வாங்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. நான் இரண்டையும் பட்டவன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது.

நான் நடத்துவது ஒன்பது பேர் வேலை செய்யும் ஆஃப்செட் அச்சகம். வண்ணம் பார்ப்பதில் என்னைவிடத் தேர்ந்த ஒருவரைப் பொறுப்பாளராக எடுத்தேன். ஆனால் அவர் பார்த்து முடித்த ஒவ்வொரு ப்ரூஃபிலும் (மாதிரிப் பிரதி) நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிளேட் (அச்சுத் தகடு) போடலாம் என்று வைத்திருந்தேன். “மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்பேன். வாடிக்கையாளரின் பழைய பிரதியோடு ஒத்துப் பார்த்துத்தான் அவர் அப்படி வைத்திருப்பார். இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடுவார். ஏழாவது மாதம் வேலையை விட்டார். கணக்கு முடித்துக் கிளம்பும்போது கேட்டார்: “நான் சரின்னு சொல்லி, நீங்க பார்க்காம மிஷின்ல ஏறின வேலை ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சார்.” அன்று இரவு ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, முடிவை என் கையிலேயே வைத்திருந்தேன். திறமை உள்ளவர்களுக்கு இது தாங்காது. வேறு இடத்தில் அவர்களுக்கு மதிப்பு உண்டு, போய்விடுவார்கள். திறமை குறைந்தவர்கள் அப்படியே தங்கி, எல்லாவற்றையும் நம்மிடம் கேட்டுச் செய்யப் பழகிவிடுவார்கள். கொஞ்ச நாளில், கேட்காமல் செய்யத் தெரியாத ஆட்கள் மட்டும் நம்மைச் சுற்றி இருப்பார்கள். “பொறுப்பைக் கொடுத்தால் வேலை கெடுகிறது” என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

நான் கை வைத்ததால்தான் வேலை நன்றாக வந்தது என்று மனம் சொல்லும். அதை அப்படியே நம்பாதீர்கள். ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சியால்டினி முதலிய ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. எல்லோரிடமும் காட்டியது ஒரே விளம்பரம்தான். அது உருவானதைத் தாங்கள் மேற்பார்வையிட்டதாக நம்பியவர்கள் மட்டும் அதற்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். இதைப் படித்தபோது அந்த மஞ்சள்தான் என் நினைவுக்கு வந்தது.

அவர் போன பிறகு நான் செய்த முதல் காரியம் ஒரு நோட்டு போட்டது. ஆறு வேலை நாள், யார் என்ன கேட்டு என்னிடம் வந்தாலும் ஒரு வரி எழுதினேன். மொத்தம் 112 கேள்விகள். அதில் 41, “எந்த ஆர்டரை முன்னால ஏத்தட்டும்?” 23, கேட்ட காகிதம் இருப்பில் இல்லை, வேறு போடலாமா என்பது. 19, குறை சொல்லும் வாடிக்கையாளருக்குத் திரும்ப அடித்துக் கொடுக்கலாமா என்பது. 12, கொட்டேஷனில் எவ்வளவு குறைக்கலாம் என்பது. மிச்சம் 17-தான் நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை.

முதல் மூன்று வகைக்கும் என் மண்டைக்குள் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது, எழுத்தில்தான் இல்லை. எழுதினேன். டெலிவரி தேதி எது முந்தியதோ அது முதலில். அதே எடை, அதே மேற்பரப்பு உள்ள காகிதமென்றால் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றலாம். குறை நம்முடையதென்றால், சரிசெய்யும் செலவு பொறுப்பாளரின் ஒரு நாள் சம்பளத்துக்குள் இருக்கும்வரை என்னைக் கேட்கவே வேண்டாம், அதைத் தாண்டினால் ஒரு போன் போதும். அதிகாரத்துக்கு இப்படி ஓர் அளவு வைத்துக் கொடுப்பது மிக முக்கியம். “பார்த்துச் செய்யுங்க” என்று மட்டும் சொன்னால், எதுவரை என்று தெரியாமல் பயந்து மறுபடி நம்மிடமே வருவார்கள்.

அடுத்து, ஆள் எடுப்பது. இத்தனை வருஷம் அனுபவம் என்ற வரியை வைத்துத்தான் நான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தேன். பால் சாக்கெட் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் மூவரும் 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்வதில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல் முதலிடத்தில் வந்தது. அனுபவ ஆண்டுகள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தன. வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் நன்றாகவே கைகொடுக்கும் முறை.

எனவே பழைய ஆர்டர் ஒன்றின் ஃபைலை எடுத்து வேண்டுமென்றே பிழைகள் வைத்தேன். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நிறம் நீளும் பகுதி) இல்லை. ஒரு படம் ஆர்ஜிபியில், அதாவது அச்சுக்கு இல்லாமல் கணினித் திரைக்கான வண்ண முறையில். வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை விலக்காமல் அதன் மேலேயே அடிக்கும் அமைப்பு) போட்டிருந்தது. அப்படியே அடித்தால் எழுத்தே காணாமல் போகும். வந்தவர்களுக்கு அரை நாள், அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்தேன். (சும்மா வேலை வாங்கிப் பார்ப்பது தவறு.) பன்னிரண்டு வருஷ அனுபவக்காரர் ஒருவர் ஓவர்பிரிண்டைக் கவனிக்காமல் பிளேட்டுக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். இரண்டே வருஷம் வேலை பார்த்த ஒரு பெண் மூன்றையும் பிடித்ததோடு, “இந்த நோட்டீஸை மடிச்சுத் தருவோமா, விரிச்சே தருவோமா சார்?” என்று கேட்டார். அச்சுக்கு அப்புறம் நடக்கப்போவதை யோசிக்கிற ஆள். அவரைத்தான் எடுத்தேன்.

ப்ரூஃப் கையெழுத்து முழுக்க அவருக்கு. மூன்றாவது மாதம் தடித்த அட்டையில் ஃபோல்டர் ஒன்று. இழைத் திசைக்கு (அட்டையின் நார்கள் ஓடும் திசை) குறுக்கே மடிப்பு விழும்படி தாளை அமைத்துவிட்டார். மடித்த இடமெல்லாம் அடர்நீலம் வெடித்து வெள்ளை தெரிந்தது. முழு ஆர்டரையும் திரும்ப அடிக்க வேண்டும், செலவு அவருடைய அளவையெல்லாம் தாண்டியது. கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. வாங்கவில்லை. வாடிக்கையாளரிடம் அவரே பேசினார், புதுத் தேதி அவரே சொன்னார். செலவு அச்சகத்துடையது. ஒவ்வொரு ஆர்டரோடும் போகும் விவரச் சீட்டான ஜாப் கார்டில் ‘இழைத் திசை’ என்று ஒரு கட்டத்தை அவரே சேர்த்தார். அந்தப் பிழை அதற்குப் பிறகு வரவில்லை. அன்று நான் திரும்ப வாங்கியிருந்தால் அந்தக் கட்டம் என் தலைக்குள்தான் இருந்திருக்கும்.

இதைவிடக் கஷ்டமானது பழைய வாடிக்கையாளர்கள். அவர்கள் நேராக நமக்குத்தான் போன் போடுவார்கள். ஒரே ஒரு தடவை பொறுப்பாளர் சொன்னதை மீறி “சரி, நாளைக்கே தர்றேன்” என்று சொல்லிவிட்டால் போதும், அதோடு அவர் வார்த்தைக்கு அந்த வாடிக்கையாளரிடம் மதிப்பு போய்விடும். “தேதியை அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, போனை அவங்ககிட்டயே கொடுக்கறேன்” என்று சொல்லப் பழகுங்கள். அவர் முடிவு தவறென்று பட்டால் தனியே, பிறகு பேசலாம்.

கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை அரை மணி நேரம் உட்காருகிறோம். திரும்ப அடித்தவை எத்தனை, தேதி தவறியவை எத்தனை, பதில் போகாத கொட்டேஷன் எத்தனை, அவ்வளவுதான். கடன் கொடுப்பது, சம்பளம், ஆளை எடுப்பதில் கடைசி வார்த்தை ஆகியவற்றை இன்னும் நானே வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் உள்ள இடத்தில் அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் இப்போது இருக்கிறவர்களை மாற்றுவதற்கு முன் அந்த நோட்டை ஆறு நாள் எழுதிப் பாருங்கள். போன மாதம் நான் திரும்ப எழுதினேன். 112 இப்போது 31. அதில் 14 கொட்டேஷன் பற்றியவை. நான் இன்னும் விதி எழுதாமல் வைத்திருப்பது அது ஒன்றுக்குத்தான். இந்த வாரம் எழுத உட்காருகிறேன்.