தமிழுக்கு மாற்றியதும் டிசைன் ஏன் குலைகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பனம்பொருள் விற்கும் கடை ஒன்றுக்கு இணையத்தளமும் சின்னச் செயலியும் செய்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வடிவாக இருக்கும் பக்கம் தமிழுக்கு மாற்றியதும் குலைந்துபோகிறது. எழுத்தின் சுழிகள் வெட்டுப்படுகின்றன, பட்டனுக்குள் சொல் அடங்கவில்லை. டிசைனர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ், டிரிபிள் தளங்களைப் பார்த்துத்தான் டிசைன் பழகினேன். எங்கே பிழைக்கிறது? (கொக்குவில் வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்துப் பழகிய மாதிரிகள் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். முதல் திரையைத் தமிழிலேயே தொடங்குங்கள். தமிழ் அடங்கிய இடத்தில் ஆங்கிலம் அநேகமாகச் சிரமமில்லாமல் அடங்கிவிடும்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். நீங்கள் பாவிப்பது பொப்பின்ஸ் எழுத்துரு என்று ஊகிக்கிறேன், இப்போது எங்கு பார்த்தாலும் அதுதான். அதில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. அப்படியான இடத்தில் உலாவி கைக்கு அகப்பட்ட தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். விண்டோஸில் நிர்மலா வரும், ஐபோனில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. இவற்றின் உயரமும் அகலமும் ஒன்றல்ல. உங்கள் மடிக்கணினியில் சரியாக இருந்தது கடைக்காரரின் போனில் குலைவது அதனால்தான். கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவற்றில் ஒன்றைத் தளத்தோடு சேர்த்தே ஏற்றுங்கள். என் தெரிவு கட்டமரன். அதில் 9 தடிப்புகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் தலைப்பை எடுத்துக்காட்டத் தடிப்புத்தான் கைகொடுக்கும். தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவை போல்ட் ஆக்கினால் உலாவி தானே மை பூசிவிடும். சுழிகள் அடைபட்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும்.

வரி இடைவெளி அடுத்தது. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவின் 1.1 மடங்கு போதும். தமிழில் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'மூ'வின் வளைவும் இடம் கேட்கும். உரைக்கு 1.6, தலைப்புக்கு 1.35 என்று தொடங்கி, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பெட்டியில் ஓவர்ஃபுளோ ஹிடன் (வெளியே நீள்வதை மறைக்கும் சிஎஸ்எஸ் கட்டளை) இருந்தால் எடுத்துவிடுங்கள், சுழியை வெட்டுவது அநேகமாக அதுதான். பட்டனுக்கு நிலையான அகலம் வேண்டாம், சொல்லுக்கேற்ப விரியட்டும். 'புழுக்கொடியல் மா' என்று மிகச் சின்ன திரையில் போட்டுப் பாருங்கள். அது அடங்கினால் உங்கள் பட்டியலில் மற்றவையும் அடங்கும்.

செயலியில் வேறொரு பொறி இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டுவீர்கள் அல்லவா? கோமதியின் வட்டத்தில் வெறும் 'க' வந்து நிற்கும். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரமும் அதன் ஓகாரக் குறியும் தனித்தனி. 'யாழ்ப்பாணம்' நம் கண்ணுக்கு 6 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டில் நீளத்தைச் சொல்லும் லெங்த் 11 என்று சொல்லும். வெட்டுவதற்கும் எண்ணுவதற்கும் சொல்லை நாம் காணும் எழுத்துகளாகவே பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் செக்மென்டரைப் (Intl.Segmenter) பாவியுங்கள். ஃபயர்ஃபொக்ஸிலும் அது 2024 முதல் உண்டு.

கடைக்காரர் விலைப்பட்டியலை யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்துத் தந்தால் (நம் ஊரில் இன்னும் தருவார்கள்) யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 'பனங்கட்டி' என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அப்புறம், மாதிரிகளைப் பற்றி. பிஹான்ஸை விடச் சொல்லவில்லை, ஆனால் அங்கே தமிழ் எழுத்தை எப்படி அடுக்குவது என்று அதிகம் படிக்க முடியாது. 'உதயதாரகை' 1841இலேயே யாழ்ப்பாணத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்திரிகையில் அச்சிட்டது, இருமொழிப் பக்கம் நமக்குப் புதிதல்ல. 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய மின்னூலகத்தில் பழைய சஞ்சிகை அட்டைகளைப் புரட்டுங்கள். தலைப்பெழுத்தை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கையால் வரைந்த பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் படமெடுத்து வையுங்கள், ஃபிளெக்ஸ் வந்தபின் அவை அரிதாகிவிட்டன.

நிறத்துக்கு இலைப்பச்சையும் மண்நிறமும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கடையில் விற்கும் சாயமிட்ட ஓலைப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, அதன் ஊதாவையும் பச்சையையும் எடுங்கள். அந்த நிறங்களை வெளிர் ஓலை நிறத்தின்மேல் எழுத்தாகப் போடுமுன் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (கொன்ட்ராஸ்ட்) 4.5:1 க்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். மத்தியான வெயிலில் போனைப் பார்ப்பவருக்கும் விலை தெரிய வேண்டும்.